துவாக்குடியிலிருந்து ஒருத்தி

"இடது பக்கமா நுழைங்க தம்பி. அந்த பஸ் வாலைப் பிடிச்சுட்டுப் போனா நாளைக்குத்தான் ஜங்ஷன் போய்ச் சேருவோம்."

ஆட்டோ ஒரு குலுக்குக் குலுக்கி, மணல் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் தலையை விட்டது. காவிரிப் பாலத்தின் மேல் வெயில் தகரம் மாதிரி அடித்தது. நசீரா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதே நம்பரை மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"யாரும்மா, வீட்ல கோவிச்சுட்டுக் கிளம்பிட்டாங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வீட்ல இல்ல. ஆபீஸ்ல. மேனேஜர்."

"பணத்தைக் கிணத்தைச் சுருட்டிட்டு..."

"சுருட்டியிருந்தா போலீஸ்ல சொல்லிட்டு நிம்மதியா உக்காந்திருப்பேனே. சும்மா ஓடறாரு. அதான் கஷ்டம்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிக்னலை அவர் பார்க்கவில்லை. நசீராவும் அதைப் பார்க்காதது போல் இருந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவொன்றில் 'தோள்' என்று பலகை மாட்டிய கட்டிடம் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், கையும் வாயும் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று ஒரு கூட்டம் காலையில் வேனில் வந்து இறங்கும். தையல், கம்ப்யூட்டர், பிசியோதெரபி, சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் முடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பும். அதை ஆரம்பித்தவர் ஆண்டி சார். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போனவர். மூன்று சக்கர வண்டியிலேயே ஜில்லா முழுக்க அலைந்து ஒவ்வொரு கதவாகத் தட்டியவர். முந்தின வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு "கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க நசீராம்மா" என்று சாவிக்கொத்தை, ஆபீஸில் இருந்த இவள் கையில் டிரஸ்டிகள் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

முடித்தாக வேண்டும். பாலக்கரையில் அவள் வீட்டில் ஒருத்தர் படுக்கையில் இருக்கிறார். புருஷன் அப்துல் ரஹீம். பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது. இத்தனை நாளும் கூட இருந்து பார்த்துக்கொண்ட நாத்தனார், மகன் கூப்பிட்டான் என்று அடுத்த வாரம் துபாய் போகிறாள். அதன்பிறகு நசீரா வீட்டில் இருக்கலாம், அல்லது 'தோளி'ல் இருக்கலாம். இரண்டிலும் இருக்க இன்னொரு நசீராவுக்கு எங்கே போவது?

புது ஆள் வேண்டும். கிடைத்த ஆள்தான் இப்போது ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

*

வளவன் ஒளியவில்லை. பிளாட்பாரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் பெரிய தொண்டு நிறுவனத்தில் இருந்தவர். நாற்பது வயது. படிப்பு, அனுபவம், நல்ல பேச்சு எல்லாம் உண்டு. இந்த வார ஆரம்பத்தில்தான் வந்து பொறுப்பு ஏற்றிருந்தார்.

நசீரா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டும் என்றுதான் வந்தாள். உட்கார்ந்ததும் கால் இரண்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"போனை எடுத்திருக்கலாமே சார்."

"எடுத்தா நீங்க வரச் சொல்லுவீங்க. நானும் வந்துருவேன். அதான் எடுக்கல." அவர் எழுந்து போய் இன்னொரு டீ வாங்கிவந்து அவளிடம் நீட்டினார். "மேடம், என் மேல தப்பு இருக்கலாம். ஆனா உங்க இடத்துல எனக்கு மூச்சு முட்டுது."

"என்ன நடந்துச்சு?"

"முந்தா நாள் மீட்டிங்ல சுராயா பேசிட்டிருந்தாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் பாவம், எவ்வளவு சிரமப்படறாங்க. அவங்க சொல்ல வந்தது புரிஞ்சுருச்சேன்னு மீதியை நானே சொல்லி முடிச்சேன். உதவின்னுதான் பண்ணேன்."

"ஐயோ."

"பாத்தீங்களா, நீங்களே ஐயோங்கறீங்க. அதுலேருந்து ஒரு ஜனம் என்கிட்ட பேசல. மத்தியானம் சாப்பாட்டுல ரசம் கேட்டேன். சின்னையன் ரசப் பாத்திரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, 'நீங்க ரசம்னு சொல்ல ஆரம்பிக்கும்போதே மோர்னு புரிஞ்சுக்கிட்டேன் சார்'னு மோரை ஊத்தறாரு."

நசீராவுக்குச் சிரிப்பு வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"ஒரு மன்னிப்பு கேட்டா சரியாயிடும் சார். அவங்க அப்படித்தான். மறுநாளே தலையில தூக்கி வெச்சுக்குவாங்க."

"தலையில ஏற்கனவே ஆண்டி சார் உக்காந்திருக்காரு மேடம். எதைச் சொன்னாலும் 'ஆண்டி சார் இப்படிப் பண்ணமாட்டாரு'ங்கறாங்க. உயிரோட இருக்கறவரோட போட்டி போடலாம். அவரோட எப்படிப் போடறது?"

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன். போகும்போது கூட டீக் கிளாஸைக் கடையில் வைத்துவிட்டுத்தான் ஏறினார்.

வண்டி கிளம்பிப் போகிறவரை நசீரா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் யாரும் தன்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தார்கள். அந்தச் சுகத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரலாம் போல இருந்தது.

போன் அடித்தது. டிரஸ்டின் தலைவர் வீரமலை. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் சார். டீ வாங்கிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நசீராம்மா, என்னாலயும் இனிமே முடியாது. மத்த டிரஸ்டிங்க நேத்தே சொல்லிட்டாங்க. பொறுப்புக்கு ஆள் இல்லாம நடத்தி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆள் இல்லைன்னா ஒண்ணாம் தேதியோட மூடிடுவோம். இதுல என்னோட முடிவுன்னு எதுவும் இல்ல."

"மூடினா அவங்கல்லாம் எங்க சார் போவாங்க?"

"வீட்டுக்குத்தான்."

அந்த வீடுகளை நசீரா பார்த்திருக்கிறாள். சுராயாவை ஆண்டி சார் முதல் தடவை பார்த்தபோது உறையூரில் ஒரு பின்கட்டு அறையில் இருந்தாளாம். ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தது. பள்ளிக்கூடமும் கிடையாது, வாசலும் கிடையாது. விருந்தாளி வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"மூணு மணிக்கு ஒரு ஆள் வருதுல்ல சார். துவாக்குடிலேருந்து. வளவன் சார் நேத்து முறுக்கிக்கிட்டப்பவே வரச் சொல்லிட்டோமே."

"அது கடைசி ஆளு," என்றார் வீரமலை. "வரட்டும், பார்ப்போம்."

*

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தாள். ஹாலில் எல்லார் முகமும் வாசலைப் பார்த்துத் திரும்பியது. கண் தெரியாத சின்னையன் காதைத் திருப்பினார்.

"ஒத்தைச் செருப்புச் சத்தம்தான் கேக்குது," என்றார். "ஆளு போயாச்சு."

"உங்க மோரு வேலைதான்."

"அக்கா, ரசம் நல்லா இல்ல அன்னிக்கு. அவருக்கு நல்லதுதான் பண்ணேன்."

சக்கர நாற்காலியில் சுராயா தலையைச் சாய்த்து நசீராவைப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. கழுத்தும் கையும் அவள் இஷ்டத்துக்கு வராது. ஒவ்வொரு வார்த்தையும் எங்கிருந்தோ மேடேறி வருகிற மாதிரி வரும். வந்து சேரும் வார்த்தை மட்டும் கூராக இருக்கும்.

"லாத்தா... என்... மேல... கோவமா?"

"கோவப்பட நேரமில்லைடி. ஒழுங்கா இருங்க எல்லாரும். இன்னிக்கு வர்றது கடைசி ஆளு. அதுவும் போச்சுன்னா வேன் வராது. எல்லாரும் அவங்கவங்க வீட்ல சீலிங் ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம்தான். பூசி மெழுகுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"உன்னையே பொறுப்பு எடுத்துக்கச் சொன்னேன். கேட்டியா நீ?"

"நான்... ஒரு மீட்டிங்... பேசி... முடிக்கறதுக்குள்ள... கலெக்டர்... மாறிடுவாரு," என்றாள் சுராயா. சின்னையன் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "எனக்கு... திட்டறதுக்கு... ஒரு ஆள்... வேணும். நானே... இருந்தா... யாரைத் திட்டறது?"

துவாக்குடி ஆளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பேர் பவித்ரா. அங்கே மாணவிகள் தங்கும் தனியார் விடுதி ஒன்றை நிர்வகிக்கிறாள். மற்றதெல்லாம் போனில் மெசேஜிலேயே பேசி முடித்தது. மனுவோடு போட்டோ வாங்குவது 'தோளி'ல் வழக்கம் இல்லை. உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்பது ஆண்டி சார் போட்ட சட்டம். அவர் வேலை தேடி அலைந்த காலத்தில் போட்டோவைப் பார்த்தே திருப்பி அனுப்பியவர்கள் அவ்வளவு பேர்.

*

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆட்டோ வந்து நின்றது.

நசீரா வாசலுக்குப் போனாள். ஆட்டோவின் பின்னால் கட்டியிருந்த சக்கர நாற்காலியை ஒரு பெண் அவிழ்த்து விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே குனிந்து, இன்னொரு பெண்ணை இடுப்போடு அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். பழகிய கை. உட்கார்ந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சேலை, நெற்றியில் சின்னப் பொட்டு. கால் இரண்டும் குச்சியாக மெலிந்து சேலைக்குள் மறைந்திருந்தன.

நசீரா வாசற்படியை விட்டு இறங்கினாள். யா அல்லாஹ், ஆண்டி சார் மாதிரியே ஒருத்தி.

நேரே போய் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, உட்கார்ந்திருந்தவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "வாங்க பவித்ரா. நல்ல வெயில்ல வந்திருக்கீங்க. நான் நசீரா."

உட்கார்ந்திருந்தவள் திகைத்தாள். தலையைத் திருப்பிப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். அவள் அவசரமாக முன்னால் வந்தாள்.

"மேடம், வந்து, நான்தான்..."

"நீங்க உக்காருங்கம்மா," என்றாள் நசீரா, இதமாகத்தான். "அவங்களே சொல்லட்டும்."

இதுவும் ஆண்டி சார் சட்டம்தான். பேங்க்குக்குப் போனால் அவரை விட்டுவிட்டு வண்டி தள்ளிய அண்ணனைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்பார்களாம். ஆஸ்பத்திரியில் "சாப்பிடறாரா?" என்று அண்ணனைக் கேட்பார்களாம். அதனால் 'தோளி'ல் யார் வந்தாலும் நாற்காலியில் இருப்பவரிடம்தான் பேச்சு. கூட வந்தவர் இடையில் வாயைத் திறந்தால் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு டீயைக் கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேன் வரைக்கும் இது பாடம்.

வெளியில் சொல்லாத ஒன்று நசீராவுக்கு உண்டு. வீட்டில் இந்தச் சட்டம் நடப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் ரஹீமின் தலைமாட்டில் நின்றுகொண்டு "தூங்கறாரா? வெளிக்குப் போறாரா?" என்று அவளைக் கேட்பார்கள். அவளும் பதில் சொல்லிவிடுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாற்காலியில் இருந்தவள் பின்னால் கையை நீட்டினாள். நின்றவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ உக்காரு," என்றாள் நாற்காலியில் இருந்தவள். "கொஞ்ச நேரம்."

"நிஜமாவா?"

"ம்."

பிறகு நசீராவைப் பார்த்துக் கை கூப்பினாள். "வணக்கங்க. உள்ள போலாமா?"

நசீராவுக்கு அது பிடித்திருந்தது. கூட வந்தவளை எவ்வளவு பக்குவமாக ஒதுக்கி வைக்கிறாள். வாட்ச்மேன் பெஞ்சுக்கு டீ கொண்டுபோனான். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் தூக்கி இறக்கிய களைப்பு என்று நசீரா நினைத்தாள்.

*

'தோளி'ல் நேர்முகத் தேர்வை மூடிய அறையில் வைப்பதில்லை. ஹாலின் நடுவில் ஒரு மேஜை. சுற்றிலும் எல்லாரும். வீரமலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஹாஸ்டல் நிர்வாகத்துல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க."

"ஹாஸ்டல் கதையை நான் சொன்னா நல்லாருக்காதுங்க சார்," என்றாள் அவள். "வேற கேளுங்க. என்னால என்ன முடியும், முடியாதுன்னு கேளுங்க."

வீரமலையின் புருவம் ஏறியது. பெருமை அடித்துக்கொள்ள வரவில்லை போல என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

"சரி. என்ன முடியும்?"

"ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு வீட்டையே ஓட்டுவேன். பால் வரலைன்னா யாரு, தண்ணி வரலைன்னா யாரு, டாக்டர் எப்ப இருப்பாரு, மாடி வீட்டுக்காரங்க கீழ் வீட்டுக்காரங்களோட ஏன் பேசறதில்ல, எல்லாம் எனக்குத் தெரியும். போன் ஒண்ணு போதும். எங்க தெருவுல யாருக்கு ரேஷன் கார்டு, பென்ஷன்னு எது வேணும்னாலும் முதல்ல என் ஜன்னலுக்குத்தான் வருவாங்க."

"முடியாதது?"

"கம்ப்யூட்டர்ல கணக்குப் போடத் தெரியாது. யாராவது சொல்லித் தரணும். இங்கிலீஷ்ல பேசினா புரியும், திருப்பிப் பேச வராது."

இப்படி ஒரு பதிலை இதுவரை வந்த யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நசீரா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு கேள்வி," என்றார் சின்னையன். "எத்தனை நாள் இருப்பீங்க?"

"உங்களுக்கு எத்தனை நாள்ல சலிக்கும்?"

"குரல் நல்லாருக்கு. ஆறு மாசம் தாங்கும்."

"அப்ப ஆறு மாசம் கழிச்சுத் தொண்டையை மாத்திக்கறேன்."

சின்னையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நசீரா சிரிக்கவில்லை. அவள் கண் சுராயாவின் மேல் இருந்தது. சுராயாவின் தாடை அசைய ஆரம்பித்திருந்தது.

"இங்க... மத்தியானம்... பாத்ரூமுக்கு..."

ஹாலில் எல்லாரும் காத்திருந்தார்கள். வீரமலை பேனாவை உருட்டினார். நாற்காலியில் இருந்தவள் ஒன்றும் செய்யவில்லை. தலையாட்டி உற்சாகப்படுத்தவில்லை. பரிதாபமாகப் பார்க்கவுமில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி உட்கார்ந்த இடத்தில் இருந்தாள். வரும், வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்பது போல.

"...தூக்கி உக்கார வைக்க... ஒரே ஒரு... அக்காதான். அவங்களும்... சாப்பாட்டுக்கு... அப்புறம்... சமையல்கட்டுக்கு... போயிடுவாங்க. அதனால... நாங்க... பொம்பளைங்க... காலையிலேருந்து... தண்ணி... குடிக்கறதில்ல. யாருக்கும்... தெரியாது. நீங்க... என்ன... பண்ணுவீங்க?"

நசீரா நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இந்த ஹாலில்தான் இருக்கிறாள். நிரம்பிய தண்ணீர் ஜாடிகள் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறாள். குளிர்காலம் என்று நினைத்தாள். அப்புறம் வெயில் காலமும் வந்தது. அதற்கு அவள் எதுவும் நினைக்கவில்லை. ஒரு காதில் எப்போதும் போன் இருந்தது.

"நானும் குடிக்கமாட்டேன்," என்றாள் நாற்காலியில் இருந்தவள். "எங்க கிளம்பினாலும் முந்தின ராத்திரியோட நிறுத்திடுவேன். இன்னிக்கும் நிறுத்தியாச்சு. நாக்கு ஒட்டுது." கொஞ்சம் யோசித்தாள். "ஆபீஸ்ல மத்தியானத்துக்கு மேல எத்தனை பொம்பளைங்க இருப்பாங்க?"

"நானு, டைப் பண்ற பொண்ணு ஒண்ணு," என்றாள் நசீரா.

"ரெண்டு பேருக்கும் தூக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்கலாம். முதுகு பிடிக்காம எப்படித் தூக்கறதுன்னு வெளியில உக்காந்திருக்காளே, அவ சொல்லித் தருவா. ஆனா அதெல்லாம் அப்புறம். முதல்ல நான் தண்ணி குடிப்பேன். நிறைய குடிப்பேன். பொறுப்புல இருக்கற ஆளுக்கே அவசரம்னா ஆபீஸ் சும்மா உக்காந்திருக்க முடியாதுல்ல? அப்ப வழி தன்னால பிறக்கும். பிறந்த வழியில எல்லாரும் போகலாம்."

சுராயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள்.

"எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க," என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

நசீராவே எழுந்து போய்க் கொண்டுவந்தாள். அவள் அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். சேலையில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

"எனக்கும்," என்றாள் சுராயா. ஒரே மூச்சில் வந்த வார்த்தை.

"எனக்கு டீ," என்றார் சின்னையன். "நான் எதையும் எப்பவும் நிறுத்தினதில்ல."

*

'தோளி'ல் சம்மதம் சொல்வதற்குக் கை தூக்குவதில்லை. தூக்கினால் சின்னையனுக்குத் தெரியாது. பாதிப் பேருக்குக் கை எழும்பவும் எழும்பாது. அதனால் பிடித்திருந்தால் டம்ளரைத் தட்டுவார்கள். வளவனுக்கு அன்றைக்கு மரியாதைக்காக நாலைந்து பேர் தட்டினார்கள்.

வீரமலை கேட்டார். முதலில் சின்னையனின் டம்ளர். அப்புறம் பின் வரிசை. சுராயாவின் கை இரண்டு தடவை குறி தவறி, மூன்றாவது தடவை டம்ளரைத் தட்டிக் கீழே உருட்டிவிட்டது. அது சிமென்ட் தரையில் உருண்டு சுவர் வரை போனது. மற்ற டம்ளர்கள் நிற்கவே இல்லை. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

வீரமலை ஜன்னலோரம் போய் மற்ற டிரஸ்டிகளுக்குப் போன் போட்டார். "ஆள் கிடைச்சாச்சு. ஆமா. இல்ல, மூடற பேச்சே வேண்டாம். பின்னால கேக்குற சத்தம்தான் அது. நான் வாக்குக் கொடுத்துட்டேன். மாத்திப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது."

நசீரா சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது. இன்றைக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். ரஹீமிடம், அவரிடமே, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை உட்கார்ந்திருக்கலாம். எவ்வளவு நேரம் ஆனாலும்.

வீரமலை மேஜைக்குத் திரும்பி நியமன உத்தரவை நகர்த்தி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நாளையிலேருந்து வந்துடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். போடவில்லை. காகிதத்தின் மேல் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தட்டல் குறைந்து நின்றது.

"என்னம்மா யோசனை?" என்றார் வீரமலை. "துவாக்குடி தூரமா இருக்கேன்னா? வேன் அனுப்பிடலாம்."

"தூரம் இல்லைங்க." அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "வேலையை நான் பாக்கறேன். நிச்சயமா பாக்கறேன். எங்க போனாலும் பின்னாடி நிக்கறவளைப் பாத்துத்தான் பேசுவாங்க. இங்க வாசல்லயே என்னைப் பாத்து வாங்கன்னு சொன்னீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். அப்புறம் ஒவ்வொருத்தரா என்கிட்டயே கேட்டீங்க. பதில் சொல்லாம இருக்க என்னால முடியல."

"என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டாள் நசீரா.

அவள் பேனாவை மேஜை மேல் வைத்தாள். வெளியே பெஞ்சைப் பார்த்தாள். அங்கே இருந்தவள் எழுந்து நின்றிருந்தாள்.

"இந்த வேலைக்கு மனு போட்ட பவித்ரா அவ. நான் அவளோட அக்கா, பிரேமலதா. இன்னிக்கு வீட்ல என்னைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு கூடக் கூட்டிட்டு வந்தா."